குடிக்காதவர் கையில் கொடுத்த பாட்டில்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன், நடுவில் சில விஷயங்கள் மறந்தும் போகும். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவள் என்பதால்தான் பென்சிலை எடுத்தேன்.

போன மாதம் பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவில் பெண்கள் சங்கக் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். "உங்க ஏரியா ஆம்பளைங்க ஏன் இவ்ளோ குடிக்கிறாங்க? மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று கேட்டார்.

"தலையெழுத்து மேடம்" என்றாள் ஒருத்தி.

"சேர்க்கை சரியில்ல" என்றாள் இன்னொருத்தி.

"எங்க வீட்டுக்காரரு என் சமையலை மறக்கத்தான் குடிக்கிறாராம்" என்று மூன்றாவது ஒருத்தி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். கடைசியில் 'மன உறுதி இல்லை' என்று பலகையில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டார். ஆளுக்கு ஒரு சமோசா கொடுத்தார்கள். கூட்டம் முடிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மன உறுதி இல்லையாம். ஒரு மனுஷன் குடிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தபோது, சுற்றியிருந்த நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து அவர் கையில் பாட்டிலைக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதை அங்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்துவிட்டேன்.

நான் கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வந்தவள். இருபது வருஷத்துக்கு மேல் கட்டட வேலையில் சித்தாளாக இருந்தேன். இடுப்பு விட்டுப்போன பிறகு, எந்த மேஸ்திரியிடம் வேலை செய்தேனோ அவருடைய ஆட்களுக்கே தளம் போடுகிற நாட்களில் சமைத்துக் கொடுத்துவந்தேன்.

தளம் போடுகிற நாளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயாரான பிறகு ஒரு நாள் காலையில் கான்கிரீட் கொட்ட ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. மிஷினுக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஆரம்பிப்பார்கள். இருபது பேர், ஆணும் பெண்ணுமாக, நின்று மூச்சு விட நேரமில்லாமல் ஓடுவோம். முடிந்ததும் வீடு கட்டுகிற வீட்டுக்காரர் விருந்து வைக்க வேண்டும். சாப்பாடு எல்லோருக்கும். குடிக்கிறது ஆண்களுக்கு மட்டும். அது கூலியில் சேராது, அது மரியாதை. கொடுக்காவிட்டால் உழைத்தவன் வயிறெரிவான், வயிறெரிந்தால் தளம் ஒழுகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. யார் கட்டிவிட்டதோ தெரியாது. பெரிய படிப்புப் படித்த வீட்டுக்காரர்களும் அதை நம்புகிறார்கள்.

எங்களுக்கு என்ன? ஒரு லட்டு. கொஞ்சம் தாராளமானவர் என்றால் ரவிக்கைத் துணி. "ஆம்பளைங்களுக்கு உடம்பு வலி இருக்கும்மா" என்பார்கள். நாங்கள் தூக்கிய சட்டியில் பஞ்சா இருந்தது? அதே ஜல்லி, அதே மணல். எங்கள் கழுத்து வலிக்கு யாரும் ஒரு தைலப் புட்டிகூடக் கொடுத்ததில்லை. வலிக்குத்தான் குடிக்கிறார்கள் என்றால் எங்களுக்குத்தான் முதலில் ஊற்றியிருக்க வேண்டும்.

என் புருஷன் ஊரிலிருந்து வரும்போது அந்த வாசனைகூடத் தெரியாதவர். முதல் தளத்தில் வேண்டாம் என்றார். "எங்களோட சேர்ந்துட்டு தனியா நிப்பியா?" என்றார்கள். இரண்டாவது தளத்தில் உதட்டை நனைத்தார். அப்புறம் தளம் போடாத நாளிலும் தேட ஆரம்பித்தார். அவர் போய் வெகு காலமாகிவிட்டது. நான் எழுத வந்தது அவரைப் பற்றி இல்லை, என் மருமகனைப் பற்றி.

மருமகன் என் ஒரே மகளின் புருஷன், நான் அவர்களோடுதான் இருக்கிறேன். கம்பி கட்டுகிற வேலை. அவரும் அதே ஆட்களோடு உட்கார்ந்து, அதே மாதிரி கற்றுக்கொண்டவர்தான். ஒரு நாள் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். "இனிமே ஒரு சொட்டு பட்டாலும் என்கிட்ட வராதீங்க, நேரா சுடுகாட்டுக்குப் போங்க" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். என் மகள் அந்தக் கட்டில் பக்கத்திலேயே நின்று, "இன்னொரு தடவை உங்க மேல அந்த நாத்தம் வந்துச்சுன்னா நான் எங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிடுவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அவர் நிறுத்தினார். எழுதும்போது இது ஒரு வார்த்தைதான். அவர் பட்டதை நான் பார்த்தேன். வேலை விட்டு வரும்போது ஒயின் ஷாப் இல்லாத சந்தாகத் தேடிச் சுற்றி வருவார். பத்து நிமிஷ நடை அரை மணியாகும். சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குப் போனால் பாடை கிளம்புமுன்பே, "செத்தவனுக்கு மரியாதை இல்லாம வெறும் வாயோட போறியா?" என்று கேட்டார்கள். சிநேகிதர் வீட்டில் குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு, "எம்புள்ளைய வாழ்த்த மனசில்லையா உனக்கு?" என்று அந்தத் தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறந்தாலும் ஊற்ற வேண்டும், செத்தாலும் ஊற்ற வேண்டும், ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை போட்டாலும் ஊற்ற வேண்டும். வேண்டாம் என்கிறவன்தான் எங்கேயும் குற்றவாளி.

தளம் போடுகிற நாட்களில் மருமகன் வேலைக்கே போக மாட்டார். கொட்டும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி இறங்கிவிடாமல் பார்க்கக் கம்பி வேலைக்காரர் ஒருவர் நிற்க வேண்டும். அதற்குத் தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பிவிடுவார். இப்படி எட்டு மாதமோ ஒன்பது மாதமோ ஓடியது.

எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரில் நின்று பேசுவது வழக்கமில்லை. எனக்கோ இயல்பாகவே கூச்சம். அவர் ரெண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும், "அவங்களைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்று மகளிடம்தான் சொல்வேன்.

அப்போது மல்லேஸ்வரத்தில் ஒரு வேலை வந்தது. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டினார்கள். வீட்டுக்காரர் ரிடையரான ஆபீசர், தமிழ்க்காரர், தாத்தா காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறவர். நெற்றி நிறைய விபூதி. சித்தாளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கட்டி முடிகிற வரைக்கும் எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்தார், அங்கிருந்து எங்களுக்கும் தன் வீட்டு டம்ளரிலேயே காபி கொண்டுவந்து கொடுப்பார். இதையெல்லாம் எழுதியாக வேண்டும், ஏனென்றால் என் கோபம் கெட்டவர்கள் மேல் இல்லை.

இரண்டாவது மாடித் தளத்துக்கு முதல் நாள் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இந்த ஒரு தடவை வாப்பா. உன் பதில் ஆளு ஊருக்குப் போயிட்டான். வேலை முடிஞ்சதும் கிளம்பிடு, உன்ன யாரு புடிச்சு வைக்கப் போறா?"

மருமகன் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா அங்கதான சமைக்கப் போறாங்க. அவங்க பாத்துப்பாங்க, போயிட்டு வாங்க" என்றாள். அப்படித்தான் அது என் தலையில் வந்து உட்கார்ந்தது.

காலையில் நான் பின்பக்கம் அடுப்பு கூட்டும்போது வீட்டுக்காரர் வந்தார். "அம்மா, கோழி கீழி வேண்டாம். பூஜை பண்ணின இடம் பாருங்க. வெஜிடபிள் பிரியாணியா பண்ணிடுங்க" என்றார். சரிங்க ஐயா என்றேன். பதினொரு மணி வாக்கில் அவருடைய டிரைவர் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்தார். உள்ளே பெரிய பெரிய பாட்டில்கள். வழக்கமாக எல்லா இடத்திலும் ஜூஸ் வருகிற மாதிரி சின்ன அட்டைப் பாக்கெட் சரக்குதான் வரும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். இவர், "நமக்காக உழைக்கிறவங்களுக்கு மட்டமானது கொடுக்கக் கூடாது" என்று உசத்தியான சரக்காக வாங்கச் சொன்னாராம். தான் கையால் தொடவில்லை. வீட்டம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, "அதைக் கொஞ்சம் பின்னால கொண்டு போயிடுங்களேன், இங்க கோலம் இருக்கு" என்றார். பெட்டி என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

கோழி ஆகாது, இது ஆகும். பூஜை பண்ணின இடத்துக்குக் கோழிக்கால் தீட்டு, பாட்டில் தீட்டு இல்லை. வெங்காயம் அரிந்துகொண்டே மனசுக்குள் கேட்டேன். வாயால் கேட்கவில்லை.

மூன்று மணிக்குத் தளம் முடிந்தது. மருமகன் மேலிருந்து இறங்கி வந்தார். முழங்கால் வரைக்கும் சிமெண்ட். குழாயடியில் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டினார், செருப்பில் காலை நுழைத்தார். இன்னும் ஒரு நிமிஷத்தில் கேட்டைத் தாண்டியிருப்பார்.

"எங்க கிளம்பிட்ட?" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். எல்லோரும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். "வீட்டுக்காரரு என்னக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காரு, யாருக்கும் குறை வைக்கக் கூடாதுன்னு. இது பெரிய பாட்டிலு, பங்கு போடணும். முன்னே ஒரு எடத்துல இப்படித்தான், எனக்குக் கம்மி உனக்கு ஜாஸ்தின்னு ஒருத்தன் மண்டை உடைஞ்சுது. எல்லாரும் கேட்டுக்குங்க. நம்ம ஆளுங்கள்ல நம்பிக் கொடுக்கறதுக்கு ஒருத்தன்தான் இருக்கான். அவன்தான் குடிக்க மாட்டான். அவனே ஊத்தட்டும்."

கை தட்டினார்கள். ஒருத்தன் விசில் அடித்தான். "சாமி, தீர்த்தம் குடுங்க!" என்று ஒருத்தன் இரண்டு கையையும் குவித்து நீட்டினான்.

மேஸ்திரி கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே மரியாதை செய்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நெருப்புக்குப் பயந்து அத்தனை மாதம் ஒதுங்கி ஒதுங்கி நடந்த மனுஷனுக்கு, மெச்சிக் கொடுத்த பரிசு அந்த நெருப்பைக் காவல் காக்கிற வேலை. மன உறுதி என்று பலகையில் எழுதுகிறார்களே, யாருடைய மனசை எழுதுகிறார்கள்? வாங்கச் சொன்னவர் ஒருவர், சுமந்து வந்தவர் ஒருவர், ஊற்றச் சொன்னவர் ஒருவர், கை தட்டினவர்கள் ஒரு டஜன். இத்தனை பேரையும் ஒருத்தன் மனசு மட்டும் தாங்க வேண்டுமா?

மருமகன் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தார். எட்டு மாதமாக 'பொம்பளை' என்றும் 'பொண்டாட்டிக்குப் பயந்தவன்' என்றும் சொல்லிக்கொண்டிருந்த ஆட்கள், முதல் தடவையாக அவரைத் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் குந்தினார்.

மூடியைத் திருகியதும் வாசனை என் அடுப்புவரை வந்தது. பிளாஸ்டிக் டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றினார். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே தூக்கி மட்டம் பார்த்தார். நாலாவதோ ஐந்தாவதோ, கை ஆடிவிட்டது. விரலெல்லாம் வழிந்தது.

"அய்யய்யோ, வேஸ்ட் பண்ணாதப்பா!"

"கையில பட்டது குடிச்சதா ஆகாது. நக்கிக்கோ!"

"டேய், அவங்க மாமியாரு பாக்குறாங்கடா."

"பெரியம்மா, ஒரு நிமிசம் கண்ண மூடிக்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் டம்ளர் மேல் இருந்தது.

கரண்டியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. "மாப்ள, எழுந்திருங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கிட்டப் போய் நின்று மறுபடி சொன்னேன்.

"எழுந்திருங்க மாப்ள. நான் ஊத்தறேன்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் எழுந்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் இருந்த இடத்தில் உட்கார்ந்து பாட்டிலை எடுத்தேன். என் புருஷன் குடித்துப் போட்ட காலி பாட்டில்களைப் பொறுக்கிப் பழக்கம். நிறைந்த பாட்டிலைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, நீங்க போய் இத..." என்று மேஸ்திரி பதறினார்.

"ஏன், நானும்தான் குடிக்க மாட்டேன். என்ன நம்ப மாட்டியா?"

மிஷின் ஓட்டுகிற கன்னடக்காரர், "ஏனஜ்ஜி, நீவே பார் ஓப்பன் மாடிபிட்ரா?" என்றார். என்ன பாட்டி, நீங்களே பார் திறந்துவிட்டீர்களா என்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சுவரோரம் லட்டுப் பொட்டலத்தோடு நின்ற சித்தாள்களில் ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாங்க, வந்து எடுத்துக்குங்க. கம்மியா இருந்தா சொல்லுங்க, இன்னும் ஊத்தறேன்" என்றேன்.

யாரும் வரவில்லை. அவர்களில் பாதிப் பேர் பொண்டாட்டிகளின் பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வயசான கொத்தனார் என் முகத்தைப் பார்க்காமல் வந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். பிறகு இன்னொருவர். மூன்று நாலு பேர் சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் எடுத்தார்கள், குடித்தார்கள். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. என் கையால்தான் ஊற்றினேன், அந்தப் பாவம் என் தலையில்தான்.

சத்தம் அடங்கிவிட்டதே என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, பெரியவங்க நீங்க போய் இதைத் தொடலாமா?" என்றார். மனசு நொந்துதான் கேட்டார். நான் தொட்டது அவருக்குத் தப்பாகப் பட்டது. அவர் வாங்கினது படவில்லை. எனக்கு அழுகை வந்தது. பாட்டிலைக் கீழே வைத்தேன். திரும்பிப் பார்த்தால் மருமகன் இல்லை, செருப்பும் இல்லை.

இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியிலிருந்த ஒவ்வொரு பார் வாசலிலும் அவர் சட்டை நிறத்தைத் தேடினேன். எல்லார் எதிரிலும் எழுப்பிவிட்டேனே, அந்த ரோஷத்திலேயே உள்ளே போயிருப்பாரோ என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலிலேயே சத்தம் கேட்டது.

"ஊத்தினேன், குடிக்கலன்னு சொல்றேன்ல!"

"கை நாறுது, சட்டை நாறுது. என்னப் பாத்தா இளிச்சவாயி மாதிரி இருக்கா? குடிக்காதவன யாராவது ஊத்தச் சொல்லுவாங்களா?"

"குடிக்காமலே குடிகாரன்னா, சரி, குடிச்சிட்டே வர்றேன். விடு!"

மகள் கையில் துணிப்பை இருந்தது. அவர் வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இவள் கிளம்பினால் அவர் அந்தக் கடைக்குப் போவார். அவர் போனால் இவள் திரும்ப மாட்டாள். டாக்டரம்மா சொன்னது என் காதில் ஓடியது. நான் மகளிடம் போய் இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாரு."

"என்னம்மா நீ, நடுவுல..."

"மோந்து பாருடி!"

பார்த்தாள். பின்னால் போனாள். "ஐயோ, என்னம்மா இது?"

"நான் குடிச்சேனா? சொல்லு, குடிச்சேனா? அவர் ஊத்தினாரு, அப்புறம் நான் ஊத்தினேன். ரெண்டு பேரும் குடிக்கல. நம்பிக்கையான ஆளுன்னு சொல்லி உக்கார வெச்சு ஊத்த விட்டாங்க."

அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள். நான் திரும்பி அவரை நேராகவே பார்த்துச் சொன்னேன். "உள்ள வாங்க மாப்ள. கையக் கழுவிக்கலாம்."

வெகு நேரம் நின்றுவிட்டு வந்தார். அவர் கைக்கு நான் சொம்பிலிருந்து தண்ணீர் விட்டேன், என் கைக்கு அவர் விட்டார். மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை.

அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவே பத்துப் பதினைந்து நாள் ஆயிற்று. மேஸ்திரி ஒரு நாள் வந்து, "அக்கா, எங்க மானமே போச்சு. இனிமே சமைக்க வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

"பாத்துக்க. ஆனா எங்க மாப்ளைய மட்டும் ஊத்தச் சொல்லாத."

"நான் அவனுக்கு மரியாதைதானக்கா குடுத்தேன்?" என்றார். கண் கலங்கிச் சொன்னார். அவருக்கு இன்னமும் புரியவில்லை.

எனக்குச் சமையல் வேலை போய்விட்டது. மருமகன் இப்போது தளம் போடுகிற நாளிலும் போகிறார், எப்போதும் பதில் ஆள் கிடைப்பதில்லை. கடைசிச் சட்டி விழுந்ததும் கால் கையைக்கூடக் கழுவாமல், யாரும் கூப்பிடுவதற்குள் கிளம்பிவிடுகிறார். சிமெண்ட் காலோடு ஏறினால் பஸ்ஸில் கண்டக்டர் திட்டுகிறாராம். திட்டட்டும். ஒரு மனுஷன் உயிரோடு வீட்டுக்கு வருவதற்குத் திருடன் மாதிரி ஓடிவர வேண்டியிருக்கிறது. அங்கே தளத்துக்குத் தளம் இன்றைக்கும் ஊற்றுகிறார்கள்.

அன்றைக்கு அவர் நிறுத்தி எட்டு மாதமா, ஒன்பதா என்பது எனக்குத் திட்டமாகத் தெரியவில்லை. குடிக்காமல் போனவர்கள் மூன்று பேரா, நாலு பேரா என்பதும் சந்தேகம். மகளிடம் கேட்கலாம், ஆனால் நாங்கள் நாள் எண்ணுகிறோம் என்று மருமகன் காதில் விழுந்தால் வருத்தப்படுவார். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அன்றைக்கு அங்கே நின்ற சித்தாள்களைக் கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். மேஸ்திரி பேச்சில் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை மாறியிருந்தால் அதையும் அவரிடமே கேட்டு மாற்றுங்கள். அவர் ஊற்றச் சொன்னது நிஜம். அதை மட்டும் மாற்ற வேண்டாம்.